1911 ஜார்ஜ் ரூபாய்: ஆன்லைன் ஏல விலையை எந்த அளவுக்கு நம்புவது?

சல்லிக்காசு (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய் வரிசையில் எனக்கு 1911 பாக்கி. வாங்கலாம் என்று விற்ற விலைகளைத் தேடினால் குழப்பம்தான் மிச்சம். நம் ஊர் ஏல நிறுவனம் ஒன்றின் முடிவுப் பட்டியலில் 4,200 ரூபாய். ஈபேயில் விற்று முடிந்த ஒன்று, நம் பணத்துக்கு ஏறக்குறைய 11,000. இன்னொரு ஏலத்தில் ஸ்லாப் போட்டது, அதாவது தரச் சான்றோடு பிளாஸ்டிக் உறையில் மூடியது, 38,000.

எனக்குப் பழக்கமான வியாபாரி தன்னிடம் இருக்கும் ஸ்லாப் இல்லாத காசுக்கு 15,000 சொல்கிறார். ஏன் இவ்வளவு என்றால் அந்த 38,000 பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "அதில் பாதிகூடக் கேட்கலையே தம்பி" என்கிறார். இதில் எந்த விலையை நம்புவது?

அரையணா (ஈரோடு)

மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். மூன்றும் உங்களுக்கு உதவாமலும் போகலாம். மூன்று காசுகளின் படத்தையும் போடுங்கள் தம்பி, விலையை அப்புறம் பேசுவோம்.

ஓட்டைக்காலணா (மதுரை)

அரையணா அண்ணன் சொல்வதுதான் சரி. விலையைப் பார்க்கும் முன் காசைப் பார்க்க வேண்டும்.

1911 கதை தெரியாதவர்களுக்கு: மன்னரின் அங்கியில் இருக்கும் அலங்காரத்தில் ஒரு குட்டி யானை உண்டு. தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றி மாதிரித் தெரிகிறது என்று பெரிய சலசலப்பு கிளம்பியது. வெளியே விட்டது போக மீதியில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி அச்சடித்தார்கள். பன்றி ரூபாய் என்ற பெயரும் இந்த மவுசும் அதனால் வந்தவைதான்.

படத்தைப் பெரிதாக்கி அந்த யானையையும் கிரீடத்தின் முத்துகளையும் காதையும் தாடியையும் பாருங்கள். புழங்கிய காசில் மேடான இடங்கள்தான் முதலில் தேயும். 4,200க்குப் போனதில் யானை வெறும் மொட்டை மேடாக இருக்கும் என்று பார்க்காமலே பந்தயம் கட்டுவேன். 38,000க்குப் போனது எம்எஸ் (மின்ட் ஸ்டேட்) 63, 64 தரமாக இருக்கும். காசின் தரத்தைச் சொல்லும் அந்த அளவுகோல் 1இலிருந்து 70 வரை. 60இலிருந்து மேலே இருப்பதெல்லாம் புழக்கத்துக்கே போகாதவை, அங்கே ஓர் எண் கூடினாலே விலை எங்கேயோ போய்விடும். வருடமும் மன்னரும் ஒன்றாக இருக்கலாம், சந்தையில் அவை வேறு வேறு பொருள். ஸ்லாப் காசின் விலையைக் காட்டி ஸ்லாப் இல்லாத காசை விற்பது வியாபாரியின் சாமர்த்தியம், ஒப்பீடு இல்லை.

கழுவிய காசு இன்னொரு வம்பு. பல் துலக்கும் தூள் போட்டுத் தேய்த்த வெள்ளி ரூபாய் படத்தில் பளபளவென்று புதுசு போலத் தெரியும். கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தால் தலைக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தில் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். தரம் பார்த்து ஸ்லாப் போடும் என்ஜிசி நிறுவனத்தில் கொடுத்தால் தர எண் தராமல் 'டீட்டெயில்ஸ்' (குறையுள்ள காசு) என்று போட்டுத் திருப்பிவிடுவார்கள். ஏலப் பட்டியலில் இரண்டுமே '1911 ரூபாய், நல்ல நிலை' என்றுதான் வரும்.

அப்புறம் கணக்கு. நம் ஊர்ப் பட்டியலில் இருக்கும் 4,200 சுத்தியல் விலையா (ஏலம் முடிந்தபோது கேட்ட கடைசி விலை), வாங்கியவர் கொடுத்த முழுத் தொகையா? சுத்தியல் விலை என்றால் அதன்மேல் ஏல நிறுவனம் வசூலிக்கும் 'வாங்குபவர் பிரீமியம்' என்ற கட்டணம் இருக்கிறது. 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 630. அதற்கு ஜிஎஸ்டி, தபால், காப்பீடு எல்லாம் சேர்ந்து வீட்டுக்கு வரும்போது ஐயாயிரத்தைத் தொட்டிருக்கும். அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் தன் பழைய முடிவுகளில் பிரீமியத்தையும் சேர்த்தே காட்டுகிறது. ஐரோப்பிய ஏலங்களைத் தொகுத்துத் தரும் ஏசிசர்ச் போன்ற தளங்களில் இருப்பது சுத்தியல் விலை. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'அங்கே மலிவு' என்று சொல்பவர்கள் நம் குழுவிலேயே நிறைய.

பொக்கிஷம்99 (சேலம்)

என்னிடம் வைஷ்ணோ தேவி 5 ரூபாய் காசு இருக்கிறது. ஆன்லைனில் 10 லட்சம் போகிறது என்று யூடியூபில் பார்த்தேன். யாரிடம் விற்கலாம்?

அரையணா (ஈரோடு)

தம்பி, 10 லட்சம் என்று எழுதி வைத்தவர் இருக்கிறார், கொடுத்தவர் இல்லை. கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. யாராவது 'காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்' என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பேசினால் போனை வைத்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. பழைய நோட்டு, காசு விற்பனைக்காகக் கமிஷனோ கட்டணமோ வசூலிக்க யாருக்கும் அவர்கள் அனுமதி கொடுக்கவில்லை. காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அழகான காசுதான்.

சிங்கை_சேகரிப்பு (சிங்கப்பூர்)

ஈபே பக்கம் நான் அதிகம் புழங்குவதால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சல்லிக்காசு குறிப்பிட்ட 11,000 ஏலத்தில் போனதா, 'பெஸ்ட் ஆஃபர்' முறையில் போனதா என்று பாருங்கள். விற்றவர் பேரத்துக்கு ஒத்துக்கொண்டிருந்தால் போட்டிருந்த விலையின் மேல் ஒரு கோடு அடித்திருக்கும். உண்மையில் கைமாறிய தொகை அதைவிடக் குறைவு, அது அங்கே தெரியாது. கோட்டைக் கவனிக்காமல் அதையே விற்ற விலையாக எடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

ஏலத்தில் போனது என்றால் ஏலக் கேள்விகளின் வரலாற்றை, அதாவது யார் எவ்வளவு விலை கேட்டார்கள் என்ற பட்டியலை, திறந்து பாருங்கள். பெயர்கள் நட்சத்திரக்குறி போட்டு மறைத்திருக்கும், ஆனால் பக்கத்தில் மற்றவர்கள் அவருக்குத் தந்த பின்னூட்டத்தின் எண் இருக்கும். அந்த ஐடியை அழுத்தினால் கடந்த 30 நாளில் எத்தனை ஏலம் கேட்டார், அதில் எத்தனை சதவீதம் இதே விற்பனையாளரிடம், எத்தனை கேள்வியைத் திரும்பப் பெற்றார் என்று வரும். பின்னூட்டம் பூஜ்யமோ ஒன்றோ, கேட்டதெல்லாம் இந்த ஒரே ஆளிடம், ஆனால் வென்றது எதுவும் இல்லை என்றால், விலையை ஏற்றிவிட விற்பவரே வைத்த டம்மி ஐடியோ என்று எனக்கு உடனே சந்தேகம் வரும். ஒரே வியாபாரியிடம் மட்டும் வாங்கும் உண்மையான ஆட்களும் இருக்கிறார்கள்தான், அதனால் ஒரு குறியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன்.

இன்னொன்று. பணம் கட்டாமல் போன ஏலமும் விற்றதாகவே பட்டியலில் நிற்கும். சாதாரணத் தேடலில் சுமார் 90 நாள் விற்பனைதான் தெரியும். விற்பனையாளர் கணக்கு இருந்தால் ஈபேயின் விலைத் தேடல் கருவியான டெராபீக்கில் பழையதையும் பார்க்கலாம்.

சல்லிக்காசு (திருச்சி)

கோடு இருக்கிறது! இத்தனை நாள் அதைத் தள்ளுபடிக் குறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டம்மி ஐடி விஷயம் புரியவில்லை. தானே ஆள் வைத்து ஏற்றிவிட்டால் கடைசியில் தன் காசைத் தானே வாங்க வேண்டியதாகிவிடாதா? அதில் அவருக்கு என்ன லாபம்?

ஓட்டைக்காலணா (மதுரை)

அங்கேதான் சூட்சுமம். ஈபேயிலும் பெரும்பாலான ஆன்லைன் ஏலங்களிலும் நீங்கள் உச்ச வரம்பைப் போட்டுவிட்டுப் போகிறீர்கள், மிஷின் உங்கள் சார்பாகத் தேவைக்கு மட்டும் ஏற்றும். நீங்கள் 9,000 வரை போகத் தயார், அடுத்த ஆள் 5,000இல் நின்றுவிட்டார் என்றால் 5,200 சுமாருக்கு முடியும். அதாவது ஏல விலையைத் தீர்மானிப்பவர் வென்றவர் அல்ல, தோற்றவர். இரண்டாவதாக நின்றவர் எங்கே மூச்சு வாங்கினாரோ, அதற்கு ஒரு படி மேலே விலை.

இப்போது அந்த இரண்டாவது ஆள் டம்மி என்று வையுங்கள். 5,500, 6,500, 7,500 என்று தட்டித் தட்டிப் பார்க்கிறார். 8,800இலும் நீங்களே முன்னால் நிற்கிறீர்கள், அத்தோடு அவர் ஒதுங்கிக்கொண்டால் காசு உங்களுக்கு 9,000. பட்டியலிலும் 9,000 என்று ஏறும், நாளைக்கு நம்மைப் போல ஒருவர் அதைச் 'சந்தை விலை' என்று குறித்துக்கொள்வார். கணக்குத் தப்பி 9,200க்குப் போய் டம்மியே வென்றுவிட்டால், இரண்டு நாள் கழித்து 'முதலில் வென்றவர் பணம் கட்டவில்லை, உங்கள் உச்ச விலைக்கே தருகிறேன்' என்று உங்களுக்குச் செய்தி வரும். இப்படி வரும் எல்லா இரண்டாம் வாய்ப்பும் மோசடி இல்லை. அந்தச் செய்தி வந்தால் கேள்வி வரலாற்றை ஒரு முறை பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இது புதுசும் இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே ஈபேயில் ஓர் ஓவியம் 1,35,805 டாலர் வரை ஏறியது. விற்றவரும் கூட்டாளிகளும் ஒருவர் பொருளை ஒருவர் ஏற்றிவிட்டது வெளியே வந்து, விற்பனை ரத்தாகி, வழக்கில் முடிந்தது.

மோசடியே இல்லாவிட்டாலும் இந்த 'இரண்டாவது ஆள்' விஷயத்தை மறக்காதீர்கள். ஒரு காசுக்கு வெறி பிடித்த இரண்டு பேர் ஒரே ராத்திரியில் மோதிக்கொண்டால் விலை கூரைக்குப் போகும். ஒருவர் வாங்கிவிட்டார், அவர் பசி தீர்ந்தது. அடுத்த மாதம் அதே தரத்தில் இன்னொன்று வந்தால் மற்றவர் யாரோடு மோதுவார்?

வராகன் (சென்னை)

ஓட்டைக்காலணா சாருக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். இப்படிப் பார்த்தால் யாரும் எதையும் வாங்க முடியாது. தெரு ஓரத்து ஐடியையும் பெயர் போன ஏல நிறுவனத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மும்பை, பெங்களூரு, அகமதாபாத் நிறுவனங்களுக்கு அச்சடித்த கேட்டலாக் இருக்கிறது, வாடிக்கையாளர் இருக்கிறார்கள், காப்பாற்ற வேண்டிய பெயர் இருக்கிறது. என் அனுபவத்தில் ஒரே தரத்தில் ஐந்தாறு முடிவுகள் ஒட்டி ஒட்டி வந்தால் அந்த விலை நம்பகமானதுதான். ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அதை விட்டுவிட வேண்டும். இதற்குத் துப்பறியும் வேலை தேவையில்லை.

ஓட்டைக்காலணா (மதுரை)

ஒட்டி வரும் ஐந்தாறு முடிவுகளை நானும் நம்புகிறேன், அதில் சண்டையே இல்லை. பெயரை மட்டும் வைத்து நம்புவதில்தான் எனக்குத் தயக்கம். 2020 அக்டோபரில் லண்டனில் ரோமா நியூமிஸ்மாடிக்ஸ் ஏலத்தில் ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட 'ஈத் மார்' என்ற பண்டைய ரோமானியத் தங்கக் காசு விற்றது. சுத்தியல் 27 லட்சம் பவுண்டு, பிரீமியத்தோடு 32.4 லட்சம். பண்டைக் காசு ஒன்றுக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை என்று உலகம் முழுக்கச் செய்தி. 2023இல் அந்த நிறுவனத்தின் உரிமையாளர் நியூயார்க்கில் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டார். காசு யார் யார் கையில் இருந்து வந்தது என்பதற்குக் காட்டிய வரலாறு பொய். காசு கிரேக்க நாட்டுக்குத் திரும்பிப் போனது. காசு அசல்தான், ஏலமும் நடந்தது. ஆனால் வாங்கியவர் கையில் இப்போது காசு இல்லை. அந்த 32.4 லட்சத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

வராகன் (சென்னை)

அது லட்சத்தில் ஒன்று சார். 1911 ரூபாய்க்கும் புரூட்டசுக்கும் என்ன சம்பந்தம்? சல்லிக்காசு கேட்டது பத்தாயிரம் ரூபாய் விஷயம்.

அரையணா (ஈரோடு)

வராகன் சொல்வது நியாயம், ஊர்க் காசுக்கு வருவோம். எல்லோரும் விலை ஏற்றுவதையே பேசுகிறீர்கள். குறைந்த விலையும் பொய் சொல்லும், அதை யாரும் கவனிப்பதில்லை.

ஆறாம் ஜார்ஜ் 1939 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1940இல் வெள்ளியை 91.7 சதவீதத்திலிருந்து 50க்கு இறக்கினார்கள். பழைய தரத்து 1939 காசு அரிது, நல்ல விலை போகும். 1938 அப்படி இல்லை, எளிதில் கிடைக்கும். அதனால் 1938இன் கடைசி 8ஐச் சுரண்டி 9 ஆக்கும் கைவேலை நெடுநாளாக நடக்கிறது. பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் 9இன் வாலுக்கு இடது பக்கம், 8இன் கீழ் வட்டம் இருந்த இடத்தில் தளம் லேசாகக் குழிந்திருக்கும், அல்லது அங்கே மட்டும் பளபளப்பு வேறாக இருக்கும். மற்ற மூன்று எண்களோடு ஒப்பிட்டால் 9 மெலிந்து நிற்கும்.

அனுபவம் உள்ளவர்கள் படத்திலேயே கண்டுபிடித்து ஒதுங்கிவிடுவார்கள். விவரம் தெரியாத ஒருவர் நிஜக் காசின் விலையைவிடக் குறைவாகக் கொடுத்து எடுப்பார். பட்டியலில் '1939 ரூபாய்' என்று சல்லிசான விலையில் ஒரு முடிவு ஏறும். அப்புறம் நிஜ 1939 வைத்திருப்பவரிடம் போய் 'ஆன்லைனில் இவ்வளவுதானே போனது' என்று பேரம் பேசுவார்கள். விலை மலிவாக இருந்தால் ஏன் ஒதுங்கினார்கள் என்று கேளுங்கள்.

சிங்கை_சேகரிப்பு (சிங்கப்பூர்)

அருமையான விளக்கம் அண்ணே.

சந்தைக்கு எவ்வளவு காசு வந்து சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்துக்காக 1808இல் பர்மிங்காமில் அச்சடித்த 10 காசு, 20 காசு செம்பு நாணயங்களை ஏற்றிக்கொண்டு வந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையோரம் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அதிலிருந்து லட்சக்கணக்கில் காசை வெளியே எடுத்தார்கள். இன்றைக்கு ஈபேயில் 1808 சென்னைக் காசு எப்போது தேடினாலும் கிடைக்கும். அதையே அழகான அட்டையில் வைத்து, 'கடலடிப் புதையல்' என்று சான்றிதழ் சேர்த்துப் பல மடங்குக்கு விற்பவர்களும் உண்டு. அந்த விலையில் விற்றதும் உண்மைதான். வாங்கியவர் விலை கொடுத்தது அட்டைக்கு. மறுபடி விற்கப் போகும்போது காசுக்கு மட்டும்தான் விலை கிடைக்கும்.

வராகன் (சென்னை)

வெளிநாட்டு விலையை நம் ஊருக்குக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசை இந்தியாவிலிருந்து அனுமதியில்லாமல் வெளியே அனுப்ப முடியாது. 1911 இப்போது அந்த வரம்புக்குள் வந்தாயிற்று. லண்டனில் கூடுதலாகப் போகிறது என்பதற்காக இங்கே இருப்பவர் அங்கே கொண்டுபோய் விற்க வழி இல்லை. அங்கிருந்து வரவழைத்தால் சுங்கம், தபால். ஆக இரண்டும் தனித்தனிச் சந்தை. ஈபே விலையைப் பார்த்துத் திருச்சியில் வாங்காதீர்கள்.

வெள்ளி விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரூபாய் 11.66 கிராம், சுத்த வெள்ளி அதில் ஏறக்குறைய 10.7 கிராம். கிலோ ஒரு லட்சம் என்று வைத்தாலே உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலையே ஆயிரத்தைத் தாண்டும். சாதாரண வருடத்துக் காசுகளுக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய ஏல முடிவு செல்லாக்காசு. 1911 மாதிரி அரிய வருடங்களில் இந்தத் தாக்கம் குறைவு.

சல்லிக்காசு (திருச்சி)

எல்லோருக்கும் நன்றி. ஒரு தகவல். அந்த 38,000 ஸ்லாப்பின் சான்று எண் படத்தில் தெளிவாக இருந்தது. அதை என்ஜிசி தளத்தில் போட்டுப் பார்த்தேன், காசு, தரம், படம் எல்லாம் பொருந்துகிறது. அதே எண்ணைக் கூகிளில் தேடினால், ஐந்து மாதம் கழித்து அதே ஸ்லாப் இன்னொரு ஏலத்தில் 24,500க்குப் போயிருக்கிறது! தலைக்குப் பின்னால் இருக்கும் நீலக் கறைகூட அதேதான்.

வராகன் (சென்னை)

முதலில் எடுத்தவர் பணம் கட்டியிருக்க மாட்டார். விற்றவர் வேறு இடத்தில் போட்டிருக்கிறார்.

ஓட்டைக்காலணா (மதுரை)

இருக்கலாம். பணம் கட்டி, அவசரத்துக்கு விற்றவராகவும் இருக்கலாம். மோதிய இரண்டாவது ஆள் அந்த ராத்திரி வரவில்லை என்றாலும் இதே கதைதான். வெளியிலிருந்து நமக்குத் தெரியப் போவதில்லை. வாங்குகிறவருக்குத் தேவையானது தெரிந்துவிட்டது: அந்த ஸ்லாப்புக்கு 24,500ஐ அடித்தளமாக வைத்துக்கொண்டு யோசிக்கலாம், 38,000ஐ யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் இந்த இரண்டாவது பக்கத்தைப் பதிலுக்கு அனுப்பலாம்.

எண்ணைத் தேடிப் பார்த்ததற்குச் சபாஷ். போலி ஸ்லாப்களும் உலாவுகின்றன, நிஜமான எண்ணை அச்சடித்த போலிகள்கூட. அதனால் எண் பொருந்தினால் போதாது, என்ஜிசி தளத்துப் படத்தில் இருக்கும் கறையும் கீறலும் உங்கள் முன் இருக்கும் காசிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஸ்லாப் இல்லாத காசையும் இப்படிக் கறையை வைத்தே அடையாளம் பிடிக்கலாம், கொஞ்சம் கண் பழக வேண்டும்.

சல்லிக்காசு (திருச்சி)

அனுப்பிவிட்டேன் சார். வியாபாரி 15,000இலிருந்து 9,500க்கு வந்தார். யானை தெரிகிற மாதிரிப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் கேட்டிருக்கிறேன். 'நேரில் வந்து பாருங்க தம்பி' என்கிறார்.

அரையணா (ஈரோடு)

நேரிலேயே போங்கள், லென்ஸும் தராசும் எடுத்துக்கொண்டு. உங்கள் 4,200 பட்டியலில் இருக்கும் காசு எந்தத் தரம் என்று முதலில் படத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனால் பேச வசதி.

சிங்கை_சேகரிப்பு (சிங்கப்பூர்)

1911 முடிவுகளுக்கு மட்டும் ஒரு பொதுத் தாள் தொடங்கலாமா? நான் ஈபே பக்கம் பார்த்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப் குழு ஏலங்களைச் சேர்ப்பதா வேண்டாமா?

ஓட்டைக்காலணா (மதுரை)

தொடங்குங்கள். தேதி, எங்கே, சுத்தியலா முழுத் தொகையா, தரம், ஸ்லாப் எண், எத்தனை பேர் கேட்டார்கள், படத்தின் இணைப்பு. படம் இல்லாத முடிவு எதையும் ஏற்ற வேண்டாம். வாட்ஸ்அப் ஏலம் தனித் தாளில் இருக்கட்டும். அங்கே குழு நடத்துபவரே விற்பவர், அவரே ஏலம் விடுபவர், 'ஒருவர் எனக்குத் தனியாக 6,000 சொல்லியிருக்கிறார்' என்று அவர் எழுதினால் அந்த ஒருவர் இருக்கிறாரா என்று யாரும் பார்க்க முடியாது. வாங்கியவரே வந்து பணம் கட்டிய ரசீதைக் காட்டினால் மட்டும் முதல் தாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஹெரிடேஜ் பழைய முடிவுகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் ஏற்றிவிடுகிறேன்.